விட்பி ரோல்ஸும் வோட்டர்கேற்றும்

"அமெரிக்க ஜனாதிபதி கள்ளம் செய்தால் அதை அமெரிக்காக்காரன் பாத்துக்கொள்ளுவான். அதுக்குள்ள என்ர சம்பந்தியம்மாவின்ர ரோல்ஸை ஏன் கொண்டுபோய்ச் செருகினீங்கள்?"

"நான் பேர் சொல்லேல்லையப்பா."

"விட்பி எண்டு சொன்னனீங்களோ இல்லையோ?"

"சொன்னனான். விட்பி பெரிய இடம்தானே."

"விட்பியில போன மாசம் வீடு குடிபூந்த தமிழாக்கள் எத்தினை குடும்பம்?"

சண்முகநாதன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரே ஒரு குடும்பம். அதுவும் வருகிற செப்டெம்பரில் தன் மகள் சாம்பவி மருமகளாகப் போகவிருக்கும் குடும்பம்.

டோர்செட் பார்க்கில் அந்தக் கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை. பதினோராம் மாடியில் புனிதவதி குரலை உயர்த்தினால் ஒன்பதாம் மாடியில் கறி கிண்டுகிறவர்கள் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு காது கொடுப்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வேறு நல்ல பொழுதுபோக்கும் இல்லை.

சண்முகநாதனை அந்தக் கட்டடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வோஷிங்ரன் சண் என்றால்தான் தெரியும். நகர மத்தியில் கார் நிறுத்துமிடம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் நாளுக்கு எட்டு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பவர். கூண்டுக்குள் ஒரு சின்ன ரேடியோ. அதில் ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோவிலிருந்து வரும் அமெரிக்க அரசியல் பேச்சுகள் துல்லியமாகக் கேட்கும். நாலு வருடம் அதைக் கேட்டதில் மனிதருக்குத் தன் தொகுதி எம்.பி. யாரென்று தெரியாமற் போய்விட்டது. ஆனால் ஐம்பது மாநிலங்களின் செனற்றர்மாரையும் ஒப்புவிப்பார். யாரும் கேட்காவிட்டாலும் ஒப்புவிப்பார்.

இந்த அறிவை வீணாக்கக்கூடாது என்று தமிழ் வானொலிக்காரர் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியைக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தை வேறு யாரும் கேட்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. நிகழ்ச்சியின் பெயர் "அமெரிக்கா அறிவோம்". ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் ஒரு அறிஞரைப் பிடித்து அமெரிக்க வரலாறு, தேர்தல், பத்திரிகைகள் என்று பேட்டி காண்பார். தமிழ் வானொலி அப்போது சாதாரண ரேடியோவில் கேட்காது. அதற்கென்று ஒரு தனிப் பெட்டி வாங்கிக் குசினியில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு பெட்டி இருந்தது. சண்ணைக் கண்ட இடத்திலெல்லாம், "உங்கட நிகழ்ச்சி தவறாமல் கேக்கிறனாங்கள்" என்று சொல்லாத தமிழர் ஸ்கார்பரோவில் கிடையாது. புனிதவதியும் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. அதை அவவே சொல்லியிருக்கிறா.

அந்த ஆனி மாதத்தோடு வோட்டர்கேற் நடந்து இருபத்தைந்து வருடம். ஒஹாயோவில் இருந்த ஒரு தமிழ்ப் பேராசிரியரைத் தொலைபேசியில் எடுத்து, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் களவாகப் புகுந்ததையும், ஜனாதிபதி அதை மூடி மறைக்கப் பார்த்ததையும், கடைசியில் பதவியை விட்டுப் போனதையும் சண் ஐம்பது நிமிடம் அழகாகக் கேட்டுக்கொண்டு வந்தார். புகுந்தது சின்ன விசயம், மறைத்ததுதான் ஆளைக் கவிழ்த்தது என்றார் பேராசிரியர். அங்கேதான் சண்ணுக்குச் சனி பிடித்தது. எங்கட சனத்துக்கு விளங்க ஒரு உதாரணம் சொல்லட்டோ என்று தொடங்கினார்.

விட்பிப் பக்கம் ஒரு வீடு குடிபூரல். வீட்டுக்கார அம்மா இருநூறு மட்டன் ரோல்ஸைத் தட்டில் அடுக்கி, எல்லாம் என்ர கையால சுத்தினது என்று சொல்லிப் பரிமாறினார். கடைப் பெட்டிகளோ மடித்தபடி சிங்குக்குக் கீழே, சவர்க்காரப் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. கடையில் வாங்கினது குற்றமில்லை, பெட்டியை ஒளித்ததுதான் வோட்டர்கேற் என்று சண் முடித்தார். பேராசிரியர் மறுமுனையில் இருமும் அளவுக்குச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் யாருடைய சிங்கைப் பற்றிப் பேசினோம் என்பது சண்ணுக்கு உறைத்தது. நன்றி வணக்கம் சொல்லிவிட்டு யாரிடமும் கதைக்காமல், முகத்தைத் தொங்கப்போட்டபடி வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்த புனிதவதியிடம், "கேட்டனீரோ?" என்றார்.

"கேட்டனான்" என்றா புனிதவதி.

"ரோல்ஸ் கதை கொஞ்சம் கூடிப்போச்சோ?"

அதிலிருந்து தொடங்கியதுதான் இவ்வளவும். இதில் புனிதவதிக்குத் தனி வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. அந்தப் பெட்டிகளைக் கண்டதே அவதான். குப்பைப் பை எடுக்கிறேன் என்று சம்பந்தி வீட்டுச் சிங்கின் கீழ்க் கதவைத் திறந்தது அவ. திரும்பி வருகையில் காருக்குள், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு புருசனுக்குச் சொன்னதும் அவ. இனி விட்பியில் கேட்கப்போகும் முதல் கேள்வி ரோல்ஸைப் பற்றியதாக இருக்காது. கீழ்க் கதவைத் திறந்து பார்த்தது ஆர் என்பதாகத்தான் இருக்கும்.

"இப்பவே அவையளுக்குப் போன் அடியுங்கோ. கோவமோ இல்லையோ எண்டு நாடி பிடிச்சுப் பாருங்கோ. கூடக் கதைக்காதேங்கோ."

கடைசி வசனத்தைத்தான் சண் கேட்கவில்லை.

மாப்பிள்ளை ஜனார்த்தனின் தகப்பன் இராஜரட்ணம் நாலாவது மணியடிப்பில் தொலைபேசியை எடுத்தார். கண்ணியமான மனிதர். யாரிடமும் கடுஞ்சொல் சொல்லி அறியாதவர்.

"அண்ணை, இண்டைக்கு நிகழ்ச்சி கேட்டனீங்களோ?"

"பின்ன? கேக்காமல் விடுவமோ. திறம்."

"கடைசிப் பகுதி..."

"கடைசிப் பகுதிதான் திறத்திலும் திறம்."

 பெரிய மனிதர்கள் கோபத்தை இப்படித்தான் காட்டுவார்கள் என்று சண் நினைத்தார். கத்துகிறவனைச் சமாளிக்கலாம், பாராட்டுகிறவனை என்ன செய்வது. உடைத்துப் பேசிவிடுவதே மேல் என்று பட்டது.

"அண்ணை, அந்த ரோல்ஸ் கதையை நீங்களும் இராஜேஸ்வரி அக்காவும் மனசில வைச்சிருக்கக் கூடாது."

 "எந்த..." என்று தொடங்கிய மறுபக்கக் குரல் நின்று, "ஓ. அந்த ரோல்ஸ்" என்றது.

"பெட்டியை சிங்குக்குக் கீழ ஒளிச்சது எண்டு நான் சொன்னது உங்கட வீட்டை நினைச்சில்லை. சத்தியமா."

மறுமுனையில் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் இராஜேஸ்வரியோட கதைச்சுப்போட்டு எடுக்கிறன்" என்று இராஜரட்ணம் தொலைபேசியை வைத்தார். அவர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சண் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்து லோன்றிக்குப் போனார். கலியாணம் கட்டிய இருபத்தாறு வருடத்தில் அவர் உடுப்புக் கூடை தூக்கியது அன்றுதான். அங்கே எட்டாம் மாடி அன்ரனெற் இருந்தா. கட்டடத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை அறிந்த மனுசி. ஒவ்வொரு கிழமையும் வானொலிக்கு எடுத்துப் பாட்டுக் கேட்கிறவ. ஊர் என்ன கதைக்கிறது என்று அவவிடம் அறிந்து, அது வேறு யாரோ வீடு என்று அவவின் வாயாலேயே பரப்பிவிடலாம் என்பது சண்ணின் திட்டம்.

நிகழ்ச்சி கேட்டாவோ என்று கேட்டதற்கு, ரெண்டு காதாலும் கேட்டேன் என்றா அன்ரனெற். ஆனால் சண் சொன்ன விதம் இருக்கே, அதைத் திரும்ப ஒருக்கால் அவர் வாயால் கேட்டால்தான் மனம் ஆறும் என்றா. ஒலிபரப்பாளரிடம் இப்படிக் கேட்டால் அவர் என்னதான் செய்வார். உலர்த்தும் இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு, குரலை ஏற்றி இறக்கி, சவர்க்காரப் போத்தல் உட்பட முழுவதையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், இது விட்பி இராஜேஸ்வரி அக்கா வீடில்லை, அதை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ என்று கேட்டுக்கொண்டார்.

அன்ரனெற் எல்லோருக்கும் சொன்னா.

பின்னேரத்துக்குள் ஊர்க் கதையில் ரோல்ஸ் மூன்று நாள் பழசாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எலிவேற்றருக்குள் வைத்து ஒருவர், மட்டன் என்று சொல்லி ரின்னில் அடைத்த மீன் வைத்த கதையை இவ்வளவு துணிவாக வானொலியில் சொன்னதற்குச் சண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தான் ரின் மீன் என்று சொல்லவேயில்லை என்றார் சண். நீங்கள் சொன்னீர்கள், நான் காருக்குள் இருந்து கேட்டேன், சிரித்துச் சிரித்துச் சிவப்பு விளக்கைக்கூடக் கவனிக்கவில்லை என்றார் அவர். புதன்கிழமை ஆன மட்டில் விட்பியில் பதினைந்து பேருக்கு வயிற்றோட்டம். சொன்னவர்கள் எல்லோரும் தங்கள் காதால் நேரடியாகக் கேட்டவர்கள்.

உண்மையிலேயே என்னதான் சொன்னோம் என்று சண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒஹாயோவுக்கு எடுத்துப் பேராசிரியரைக் கேட்டார். பெட்டி, சிங்க், சவர்க்காரப் போத்தல், அவ்வளவுதான், மீனுமில்லை வயிற்றோட்டமுமில்லை என்றார் பேராசிரியர். வோட்டர்கேற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கிக் கேட்டதில்லை, வரும் தவணை வகுப்பில் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னார். ஒரு ஊரே ஒன்று சொல்ல ஒற்றை மனிதர் வேறொன்று சொன்னால் யாரை நம்புவது. படித்த ஆட்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று சண் முடிவுகட்டினார்.

அடுத்து நிலாம் நானாவின் கடை. லோறன்ஸ் அவெனியூவில் உள்ள அந்தச் சாப்பாட்டுக் கடையின் பெட்டிகள்தான் சிங்குக்குக் கீழே கிடந்தவை. அவை வெறும் பெட்டிகள், ரோல்ஸ் தன் கடையுடையதில்லை என்று நிலாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சம்பந்தியம்மாவின் மானம் தப்பும். சண் வேலை முடிந்து நேரே அங்கே போனார். கடைக் கண்ணாடியில் கையால் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது: "வானொலிப் புகழ் மட்டன் ரோல்ஸ்."

"நானா, இதை எப்ப ஒட்டினனீங்கள்?"

"நீங்க சொன்னதக் கேட்ட கையோட ஒட்டினன் அண்ணே. நானும் கேட்டன், றசீனாவும் கேட்டா. விளம்பரத்துக்குக் குடுத்தாலும் இப்பிடிச் சொல்ல மாட்டாங்க."

சண் தன் கோரிக்கையைச் சொன்னார். நிலாமின் முகம் மாறியது.

"றசீனா ரெண்டு நாளா நிண்டு சுத்தின ரோல்ஸ். அதை எங்கட இல்லையெண்டு என்னைச் சொல்லச் சொல்றீங்க?"

உள்ளேயிருந்து நிலாமின் மனைவி றசீனா எட்டிப் பார்த்தா.  வழக்கமாகக் கொடுக்கும் தேத்தண்ணீர் அன்று வரவில்லை. மறுநாள் கண்ணாடியில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: "விட்பி வரை கொண்டுவந்து தரப்படும்."

வியாழக்கிழமை இராஜரட்ணம் ஒருவாறு எடுத்தார். கண்ணியம் அப்படியேதான் இருந்தது. தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் இராஜேஸ்வரி நாலு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறா, வானொலியில் சொன்னதை வானொலியிலேயே திருப்பி எடுக்காவிட்டால் கலியாண மண்டபத்தை வேறு யாருக்காவது பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்கிறா, என்றார். ஆர் அந்தக் கீழ்க் கதவைத் திறந்தது என்றும் கேட்கிறா, என்றார். புனிதவதி பக்கத்தில் நின்று, கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினா.

சாம்பவி அன்றுவரை இதை விளையாட்டாகத்தான் எடுத்திருந்தாள். அப்பா, சீரியஸ்லி, இது ரோல்ஸ்தானே என்று சிரித்தவள். அன்று வேலையால் வந்து, மேசையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்த கலியாணக் கார்ட்டுகளைப் பெட்டியில் திரும்ப அடுக்கினாள்.

"ஜனா மூண்டு நாளா போன் எடுக்கேல்லை அப்பா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சண் ஏதாவது சொல்லியிருப்பார்.

ஞாயிறு வந்தது. சண் ஒரு தாளில் மன்னிப்பை எழுதிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நிலையம் என்றாலும் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இரண்டு அறைதான். பக்கத்து அறையில் இருந்து பாட்டும் விளம்பரமும் போட்டு எல்லாவற்றையும் இயக்குகிற ஜெயமலர், இவரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி வந்தா.

"அண்ணை, போன கிழமை உங்கட நிகழ்ச்சி..."

சண் கையை உயர்த்தி நிறுத்தினார். "தெரியும் தங்கச்சி. நீரும் தொடங்காதேயும். நாடே சொல்லிப்போட்டுது."

ஜெயமலர் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனா. சிவப்பு விளக்கு எரிந்தது.

மன்னிப்பு நன்றாகத்தான் தொடங்கியது. போன வாரம் தான் சொன்ன உதாரணம் கற்பனை என்றார். விட்பியில் அப்படி ஒரு வீடு இல்லை என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேச்சாளருக்கு நிறுத்த வராது. விட்பியில் தான் சாப்பிட்ட ரோல்ஸ் எல்லாம் வீட்டிலேயே சுற்றியவை, கடைக்காரர் எவரும் அந்தக் கைப்பக்குவத்துக்குக் கிட்டவும் வரமாட்டார் என்று ஒரு தூக்குத் தூக்கினார்.

தொலைபேசி அழைத்தது. ஜெயமலர் இணைத்தா.

"அண்ணே, நிலாம் பேசுறன். அப்ப என்ர பெட்டியெல்லாம் அங்க நடந்தா போச்சு?"

 நேரடி ஒலிபரப்பு. ஒரு மன்னிப்பைக் கேட்கப் போய் இரண்டாவது ஆளையும் பகைத்தாயிற்று. இதற்கு என்ன பதில் சொன்னாலும் செப்டெம்பர் போய்விடும். சாம்பவி கார்ட்டுப் பெட்டியை மூடிய விதம் கண்ணுக்குள் வந்தது.  அவர் ஜெயமலருக்குக் கையைக் காட்டி வேறு ஆளை இணைக்கச் சொன்னார்.

அடுத்த அழைப்பு விட்பியிலிருந்து.

"நான் இராஜேஸ்வரி" என்றது குரல். "நிலாம் நானா சொல்லுறது சரி. இருநூறும் அவற்ற கடைதான். முழங்கால் நோவோட அடுப்படியில நிக்க ஏலாமல் வாங்கினனான். வாங்கினனான் எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்துது. ஒரு கிழமையா நித்திரையில்லை. உந்தப் பொய்யை இனி என்னால சுமக்க ஏலாது. றசீனா தங்கச்சிக்குச் சொல்லுங்கோ, ரோல்ஸ் நல்ல திறம்."

சண் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கும்போது தொலைபேசியின் எல்லா விளக்குகளும் மினுங்கிக்கொண்டிருந்தன. அவருடைய நிகழ்ச்சியில் அப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. முதலில் எடுத்தவ அன்ரனெற். போன நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டடம் முழுக்கக் கொடுத்த கேக் தான் செய்ததில்லை, பிளாசாவில் வாங்கி மேலே சீனி தூவினேன் என்றா. பிறகு ரூஜிலிருந்து ஒருத்தி, தன் மோதகம். பிறகு ஒருவர், தன் மனைவியின் பருத்தித்துறை வடை. அவர் மனைவி பின்னாலிருந்து போனைப் பறிக்கும் சத்தமும் கேட்டது. பன்னிரண்டு மணிக்குள் ஸ்கார்பரோவில் வீட்டில் செய்த பலகாரம் என்று அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதியால் ஆகாத காரியத்தை முழங்கால் நோவுள்ள ஒரு மனுசி மூன்று நிமிடத்தில் செய்து முடித்தா.

கடைசி அழைப்பு புனிதவதியுடையது. பெயர் சொல்லவில்லை. சிங்குக்குக் கீழ்க் கதவைத் திறந்தது தான்தான், மன்னிக்க வேணும் அக்கா, குப்பைப் பை உண்மையிலேயே தேவைப்பட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. குரல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சண் வீட்டுக்கு வந்தபோது சாம்பவி தொலைபேசிக் கம்பியைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. கார்ட்டுப் பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. சண் கதிரையில் விழுந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு முழு மணித்தியாலம் குறட்டை விட்டார். அந்தக் கிழமையில் அவர் தூங்கிய முதல் நித்திரை அது.

செப்டெம்பரில் சாம்பவிக்கும் ஜனார்த்தனுக்கும் கலியாணம் நடந்தது. இருவரும் விட்பியிலேயே ஒரு வீட்டில் இருந்து தினம் ரயிலேறி வேலைக்குப் போய் வருகிறார்கள். நிலாமும் றசீனாவும் மார்க்கம் நகரில் இரண்டாவது கடை திறந்து அங்கேயே வீடும் மாறிவிட்டார்கள். அன்ரனெற் மகனோடு மொன்றியலுக்குப் போய்விட்டா, லோன்றி இப்போது வெறும் லோன்றிதான். சண்ணும் புனிதவதியும் ரூஜில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்குத்தான் இரண்டு வருடம் கழித்து ஜெயமலர், தன் கலியாணக் கார்ட்டோடு வந்தா. மாப்பிள்ளை எட்மன்ரனில், அவவும் அடுத்த மாதம் அங்கே போகிறா.

வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தவ நிமிர்ந்தா. போறதுக்கு முந்தி ஒன்று சொல்லவேணும், இரண்டு வருடமாக மனதுக்குள் கிடக்கிறது என்றா. சண்ணும் புனிதவதியும் கதவைப் பிடித்தபடி நின்றார்கள்.

"அண்ணை, அந்த வோட்டர்கேற் ஞாயிறு ஒலிபரப்பு லைன் பழுதாகி உங்கட நிகழ்ச்சி வெளியில போகவே இல்லை, ஒரு மணித்தியாலமும் நான் பழைய பாட்டுத்தான் போட்டனான். உங்களிட்டைச் சொல்லத்தான் இருந்தனான், அதுக்கிடையில ஊர் முழுக்கக் கேட்டனாங்கள் எண்டு சொல்லிச்சினம், பிறகு நான்தான் பிழையாய் விளங்கிட்டனோ எண்டு பேசாமல் இருந்திட்டன்."